பழைய இரும்பில் ஒரு கொக்கு: முதல்முறை செய்கிறவர்களுக்கு

வெல்டிங் தெரியாதே என்றுதான் எல்லோரும் தயங்குகிறார்கள். சிலைக்கு வேண்டிய அளவு வெல்டிங் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும், நாம் பாலமா கட்டப் போகிறோம்? நாள் பிடிக்கிற வேலை வேறொன்று. காயலாங்கடைக் குவியலில் கிடக்கிற ஒரு துருப்பிடித்த சாமானை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது எதன் முதுகு, எதன் மூக்கு என்று கண்டுபிடிப்பதுதான் அது. பிக்காசோ 1942-இல் ஒரு காளைத் தலை செய்தார். அதில் மொத்தம் இரண்டே சாமான்: ஒரு சைக்கிள் சீட்டு முகம், ஒரு ஹேண்டில்பார் கொம்பு. டெல்லியில் 2019-இல் திறந்த பூங்காவில் ஏறக்குறைய 150 டன் பழைய இரும்பில் உலக அதிசயங்கள் ஏழையும் செய்து வைத்திருக்கிறார்கள். அதுவும் பெரிய வேலைதான், ஆனால் கற்றுக்கொள்ள வருகிறவருக்கு நான் அந்தக் காளையைத்தான் காட்டுவேன்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி மாட்டிக்கொள்கிறார்கள். முந்நூறு நட்டு வாங்கி வந்து ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக ஒட்டி ஒரு சிங்கத் தலை செய்யலாம் என்று உட்காருவார்கள், நாற்பதாவது நட்டில் முதுகு வலிக்கும், அதோடு சரி. அதனால் இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு கொக்கு. கால் விரல்களை விட்டுவிட்டால் எட்டே துண்டு. நான் இருப்பது கோயம்புத்தூர் என்பதால் இங்கே கிடைக்கிற சாமானை வைத்துச் சொல்கிறேன், சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டை இருக்கிறது, மற்ற ஊர்களிலும் பழைய இரும்புக்கடை இல்லாத ஊர் ஏது.

என்னென்ன வேண்டும்

தேய்ந்துபோன மண்வெட்டி ஒன்று, காம்பு இல்லாமல். பழைய கத்தரிக்கோல் ஒன்று, ஓரளவு பெரியதாக. கழுத்துக்கு 10 மி.மீ கம்பி இரண்டு அடி, கால்களுக்கு 8 மி.மீ கம்பி நான்கு அடி. 10 மி.மீ போல்ட்டுக்குப் போடும் நட்டு இரண்டு, இவை முட்டி. நான்கங்குல ஆணி எட்டு. கீழே நிற்பதற்கு 6 மி.மீ தகடு, ஓர் அடிக்கு ஓர் அடி.

இதில் மண்வெட்டிதான் முக்கியம். புது மண்வெட்டி வேண்டாம், அது சதுரமாக, முறைப்பாக இருக்கும். வருஷக்கணக்காக வரப்பு வெட்டித் தேய்ந்த மண்வெட்டியைப் பாருங்கள், இரண்டு மூலையும் மழுங்கி, நுனி ஒரு பக்கமாக ஒடுங்கி, தகடு லேசாக வளைந்து, றெக்கையை மடக்கிக்கொண்டு நிற்கிற பறவையின் முதுகு மாதிரியே இருக்கும். காம்பு நுழைகிற வளையம் தகட்டுக்குச் சாய்வாக நிற்கிறதே, கொக்குக்குக் கழுத்து கிளம்புகிற இடமும் சாய்வும் அதேதான். நாம் செய்ய வேண்டியது அதில் ஒரு கம்பியைச் செருகுவது மட்டும்.

கத்தரிக்கோலுக்கும் இதே கதை. கைப்பிடி வளையங்களை வெட்டிவிட்டால் மூடிய இரண்டு அலகும் கொக்கின் அலகு, இரண்டையும் பிடித்திருக்கிற திருகாணி கண். கண்ணுக்கென்று தனியாக எதையும் ஒட்டிவிடாதீர்கள், நான் முதல் கொக்குக்கு ஒரு பேரிங் குண்டை ஒட்டி அதை ஒரு பொம்மைக் கடைச் சாமானாக ஆக்கிவிட்டேன்.

கடையில்

பழைய இரும்புக்கடைக்குப் போனால் அவசரப்படாதீர்கள். கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், "அண்ணா, சிலை செய்யறதுக்குங்க, கொஞ்சம் பொறுக்கிக்கிறேன்" என்றால் சிலர் சிரிப்பார்கள், ஆனால் விடுவார்கள். மொத்த எடைக்கு விலை என்பதால் பொறுக்கி எடுத்தால் கிலோவுக்குக் கொஞ்சம் கூடக் கேட்பது வழக்கம், அதில் தப்பில்லை. தடித்த கையுறையும் மூடிய செருப்பும் இல்லாமல் குவியலில் கை வைக்க வேண்டாம். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள், பத்து வருஷம் தாண்டியிருந்தால் போட்டுக்கொண்டு வாருங்கள்.

ஒரு சின்னக் காந்தம் பாக்கெட்டில் இருக்கட்டும். ஒட்டவில்லை என்றால் அலுமினியமோ பித்தளையோ, அல்லது எவர்சில்வரோ. அலுமினியத்தையும் இரும்பையும் நம்மிடம் இருக்கிற வெல்டிங்கில் சேர்க்க முடியாது, ஆசைப்பட்டால் போல்ட் போட்டு முடுக்கலாம்.

எவ்வளவு அழகாக இருந்தாலும் தொடக்கூடாத சாமான்கள் சில உண்டு. பெட்ரோல் டேங்க், ஆயில் டப்பா: உள்ளே காய்ந்து போய்விட்டது என்று நினைப்போம், ஆவி நின்றிருக்கும், வெட்டும்போது வெடிக்கும். ஷாக் அப்சார்பர்: மூடிய குழாய், உள்ளே எண்ணெய், பலவற்றில் அழுத்தத்தில் வாயுவும் இருக்கும், சூடு பட்டால் குண்டு மாதிரிதான். பழைய பிரேக் ஷூ: அதன் மேல் ஒட்டியிருக்கிற பட்டையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அந்தத் தூள் நுரையீரலுக்குப் போகக்கூடாது. அப்புறம் ரயில் சாமான். தண்டவாளத் துண்டு பட்டறைக்கல்லாகப் பயன்படும் என்று எல்லோருக்கும் ஆசை, எனக்கும் உண்டு, ஆனால் 1966-ஆம் வருஷத்து ரயில்வே சட்டம் ஒன்று இருக்கிறது. திருட்டு என்று சந்தேகப்படும்படியான ரயில்வே பொருள் நம் கையில் இருந்தால், நேர்வழியில் வந்தது என்று நிரூபிக்க வேண்டியது நாம்தான். பில் இல்லாத ரயில் இரும்பு, பாதாளச் சாக்கடை மூடி, இரண்டையும் தொடாதீர்கள்.

உக்கடம் பக்கம் வாங்குகிறவர்கள் அப்படியே பெரியகுளம் கரையில் பத்து நிமிஷம் நின்றுவிட்டு வாருங்கள். கொக்கு நிற்கும். அதன் கால் "முட்டி" பின்பக்கமாக மடங்குவதைக் கவனியுங்கள் (அது உண்மையில் முட்டியே இல்லை, கணுக்கால்). இதைப் பார்க்காமல் செய்தவர்களின் கொக்கெல்லாம் மனுஷன் மாதிரி நிற்கிறது.

வார்ப்பா, எஃகா

என் முதல் கொக்குக்குக் கீழ்த்தட்டாக ஒரு காரின் பிரேக் டிரம்மை வாங்கினேன். வட்டமாக, கனமாக, பார்க்க அம்சமாக இருந்தது. கால்கள் இரண்டையும் அதில் வெல்டு வைத்துவிட்டு, நன்றாகத்தான் பிடித்திருக்கிறது என்று சாப்பிடப் போய்விட்டேன். சாப்பிடும்போது வெளியே டிங் என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டிங். போய்ப் பார்த்தால் கொக்கு மல்லாந்து கிடக்கிறது, கால்களின் அடியில் வெல்டு அப்படியே முழுசாக இருக்கிறது, அது டிரம்மிலிருந்து ஒரு சில்லைப் பெயர்த்துக்கொண்டு வந்திருக்கிறது. மறுநாள் கிரில் பட்டறை அண்ணனிடம் காட்டினேன். ஒரு தட்டு தட்டிப் பார்த்தார். "தம்பி, இது காஸ்டிங்குங்க. இதுல சும்மா வெல்டிங் ராடு பிடிக்குமா? பிடிச்ச மாதிரி நடிக்கும்" என்றார்.

பிரேக் டிரம், பழைய பம்ப் உடம்பு, தையல் மெஷின் கால், நிறையக் காரின் பிரேக் டிஸ்க், இவையெல்லாம் வார்ப்பிரும்பு. கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் பவுண்டரிகளும் பம்ப் பட்டறைகளும் நிறைய என்பதால் இங்கே குவியலில் பாதி அதுதான் கிடைக்கும். வார்ப்பில் கரி (கார்பன்) அதிகம், வெல்டு வைத்த இடம் ஆறும்போது கடினமாகி, சுருங்குகிற இழுப்பைத் தாங்காமல் விரிசல் விட்டுவிடும். நிக்கல் ராடு போட்டு, முன்கூட்டிச் சூடு காட்டி ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அது அப்புறம். எப்படிக் கண்டுபிடிப்பது என்றால் கிரைண்டரை (மாவு அரைக்கிறது இல்லை, இரும்பை வெட்டித் தேய்க்கிற கை மெஷின்) ஒரு மூலையில் லேசாக வைத்துப் பொறியைப் பாருங்கள். சாதா இரும்பு என்றால் மஞ்சளாக நீண்ட கோடுகளாகப் பறக்கும். கத்தி, ஸ்பிரிங், பேரிங் மாதிரி கரி அதிகமுள்ள எஃகு என்றால் மத்தாப்பு மாதிரி நுனியில் பூப்பூவாக வெடிக்கும். வார்ப்பு என்றால் மங்கின சிவப்பில் குட்டையாக விழும். இரண்டு மூன்று தரம் பார்த்தால் கண்ணுக்குப் பழகிவிடும்.

கழுவுவது

அழுக்கோடும் எண்ணெயோடும் வெல்டு வைத்தால் புகைதான் வரும், பிடிக்காது. சலவை சோடா போட்ட வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்தாலே பெரும்பாலான கிரீஸ் போய்விடும். பிரேக் கிளீனர் ஸ்ப்ரே அடித்துக் கழுவிவிட்டு வெல்டு வைக்கிற பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் சில வகைகளில் குளோரின் சேர்ந்த கரைப்பான் இருக்கிறது, வெல்டிங் சூட்டிலும் வெளிச்சத்திலும் அது பாஸ்ஜீன் என்ற விஷ வாயுவாக மாறும்.

துருவை முழுக்க எடுக்க வேண்டியதில்லை. வெல்டு விழுகிற இடத்தில் மட்டும் பளபளவென்று இரும்பு தெரியட்டும், மற்ற இடத்தில் உதிர்கிற துருவைக் கம்பி பிரஷ்ஷால் எடுத்தால் போதும், அந்தப் பழுப்பு நிறம்தான் மண்வெட்டிக்கு அழகு. கத்தரிக்கோல் இறுகிப் போயிருந்தால் லெமன் சால்ட் என்று மளிகைக் கடையில் விற்கிறார்களே, அதைத் தண்ணீரில் கரைத்து ஒரு ராத்திரி போட்டு வையுங்கள்.

துத்தநாகம் பூசி வெள்ளையாக மின்னுகிற ஜி.ஐ. பைப், ஜி.ஐ. கம்பியைச் சூடு பண்ணாதீர்கள். அந்தத் துத்தநாகப் புகையை மூச்சில் இழுத்தால் சாயங்காலம் குளிரோடு காய்ச்சல் வரும். பால் குடி, வெல்லம் தின்னு சரியாகிவிடும் என்று பட்டறைகளில் சொல்வார்கள். பால் குடிப்பது நல்லதுதான், ஆனால் புகைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. குரோம் பூச்சு அதைவிட மோசம். கத்தரிக்கோலில் பூச்சு இருந்தால் வெல்டு விழுகிற இடத்தில் எமரி தாளைத் தண்ணீர் தொட்டுக் கையால் தேய்த்து எடுத்துவிடுங்கள், தூள் பறக்காது.

கிரைண்டர்

ஹார்டுவேர் கடையில் ஏஜி ஃபோர் என்று கேட்டால் தருவார்கள், நாலங்குல வீல் போடுகிற மெஷின். நிமிஷத்துக்குப் பதினோராயிரம் சுற்று பக்கம் சுற்றும். வெல்டிங்கைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் இதைப் பார்த்துப் பயப்படுவதில்லை, பயப்பட வேண்டியது இதற்குத்தான். வீலை மூடியிருக்கிற காப்புத் தகட்டை, அதாவது கார்டைக் கழற்றாதீர்கள், எந்தப் பட்டறையில் கழற்றி வைத்திருந்தாலும் சரி. வீலின் நடுவில் உள்ள உலோக வளையத்தில் காலாவதி மாதமும் வருஷமும் அடித்திருக்கும், பாருங்கள். வெட்டுகிற மெல்லிய வீலைப் படுக்கப் போட்டுத் தேய்க்கக்கூடாது, தேய்க்கத் தனி வீல் இருக்கிறது. மரம் அறுக்கிற பல் வீலை இதில் மாட்டவே கூடாது. வெட்டுகிற துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு வெட்டக்கூடாது, வைஸில் (மேஜையில் பொருத்தின இடுக்கியில்) கடியுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி, அதற்கு மேல் முகக்கவசம், காதுக்கு அடைப்பான். பருத்தி உடை, பேண்ட் ஷூவுக்கு வெளியே விழட்டும், பாலியஸ்டர் சட்டையில் பொறி விழுந்தால் உருகித் தோலோடு ஒட்டும்.

வெல்டிங்

200 ஆம்ப் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் போதும், சிங்கிள் ஃபேஸில் ஓடும், தோளில் மாட்டிக்கொண்டு போகலாம். ஆனால் வீட்டு ஐந்து ஆம்ப் பிளக்கில் செருகாதீர்கள், 16 ஆம்ப் சாக்கெட்டும் ஒழுங்கான எர்த்தும் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை ஒரு தரம் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மழையில், ஈரத் தரையில் வேலையே வேண்டாம். 6013 என்று போட்ட ராடு, 2.5 மி.மீ வாங்குங்கள், பட்டறையில் பன்னிரண்டாம் நம்பர் என்பார்கள். நமத்துப்போன ராடு ஒட்டிக்கொண்டே இருக்கும், வெயிலில் காயவைத்துப் பயன்படுத்துங்கள்.

மெஷின் வாங்கப் பணமில்லை, வேண்டுமா என்றும் தெரியவில்லை என்றால் பக்கத்தில் இருக்கிற கிரில் பட்டறையில் வேலை குறைவான நாளாகப் பார்த்து, அரை நாள் கூலி கொடுத்து உட்கார்ந்துகொள்ளுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

முதல் நாள் கொக்கைத் தொடாதீர்கள். ஒரு கழிவுத் தகட்டில் 80 ஆம்ப் வைத்துக் கோடு போட்டுப் பழகுங்கள். ராடு நுனிக்கும் தகட்டுக்கும் நடுவில் ராடின் கனம் அளவுக்கு இடைவெளி. சரியான இடைவெளியில் அப்பளம் பொரிகிற மாதிரி ஒரே சீராகச் சத்தம் வரும், தூரம் போனால் சத்தம் தெறிக்கும், நெருங்கினால் ஒட்டிக்கொள்ளும், ஒட்டினால் பதறாமல் மணிக்கட்டைத் திருப்பி எடுங்கள். கோட்டின் மேல் படிகிற கசடு ஆறினதும் சுத்தியால் தட்டி எடுத்துவிட்டுக் கோட்டைப் பாருங்கள், தட்டும்போதும் கண்ணாடி போட்டிருக்க வேண்டும், சூடான சில் கண்ணுக்குத்தான் பறக்கும்.

வெல்டிங் வெளிச்சத்தை ஒரு நொடிகூட வெறுங்கண்ணால் பார்க்காதீர்கள், பத்து அல்லது பதினொன்றாம் நம்பர் கண்ணாடி போட்ட முகமூடி வேண்டும். பக்கத்தில் வேடிக்கை பார்க்கிற குழந்தைகளுக்கும் இதே விதிதான். அந்த வெளிச்சம் கண்ணில் பட்டால், ஆர்க் அடித்தது என்பார்கள், அப்போது ஒன்றும் தெரியாது. ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கண்ணில் ஒரு பிடி மணலைப் போட்டுத் தேய்த்த மாதிரி எழுப்பும். தாய்ப்பால், உருளைக்கிழங்கு என்று ஆளுக்கொன்று சொல்வார்கள், கண்ணில் எதையும் போடாமல் கண் டாக்டரிடம் போங்கள்.

கொக்கைச் சேர்ப்பது

மண்வெட்டித் தகடு மேல் பக்கம் இருக்க, காம்பு வளையம் முன்னால் வரும்படி பிடித்துக்கொண்டு, கழுத்துக் கம்பியை வளையத்தில் செருகுங்கள். கம்பியை வைஸில் கடித்து, ஒரு பைப்பை மாட்டி, எஸ் மாதிரி வளைக்க வேண்டும். மேல் வளைவு இறுக்கமாக, கீழ் வளைவு தளர்வாக. இரண்டும் ஒரே அளவில் வந்தால் அது கொக்கில்லை, ஹேங்கர். வளையம் கம்பியைவிடப் பெரிதாகத்தான் இருக்கும், இடைவெளியில் ஒரு பழைய போல்ட்டையோ தகட்டுத் துண்டையோ ஆப்பாக அடித்துவிட்டு ஒரே ஒரு பாயிண்ட் வையுங்கள்.

முழு வெல்டு இப்போது எங்கேயும் வேண்டாம், எல்லாம் பாயிண்ட் மட்டும். பாயிண்ட் என்றால் ஒரு பட்டாணி அளவு வெல்டு. பிடிக்கவில்லையென்றால் தட்டிப் பெயர்த்துவிடலாம், முழு வெல்டைப் பெயர்க்கக் கிரைண்டர் வேண்டும், பெயர்த்த வடுவும் நிற்கும். இந்த நிலையில் அரைநாள் செலவு பண்ணுங்கள், தலையை இரண்டு டிகிரி கீழே சாய்த்தாலே கொக்கு மீன் பார்க்கும், மேலே தூக்கினால் ஆளைப் பார்த்துப் பயந்த மாதிரி இருக்கும். நான் தலையை வைத்துவிட்டுப் போய் டீ குடித்துவிட்டு வந்து, தூரத்திலிருந்து பார்த்து, மறுபடி பெயர்த்து வைப்பேன். நாலு தரமாவது ஆகும்.

கத்தரிக்கோல் கரி எஃகு, அதனால் கழுத்தோடு சேர்க்கும்போது திருகாணியிலிருந்து தள்ளி, பின்பக்கம், சின்னச் சின்னதாக வையுங்கள். பித்தளைப் பிடி போட்ட கத்தரி என்றால் எஃகுப் பகுதி கொஞ்சம் மிஞ்சும்படி பிடியை வெட்டுங்கள். வைத்தவுடன் தண்ணீரில் முக்காதீர்கள், விரிசல் விட்டுவிடும். காய்ந்த சாம்பலிலோ மணலிலோ புதைத்து மெதுவாக ஆறவிடுங்கள்.

கால் எங்கே வைப்பது என்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். கண்ணளவில் வைக்காதீர்கள். கழுத்தும் தலையும் பாயிண்ட் வைத்த உடம்பை ஒரு கம்பியின் மேல் குறுக்காக வைத்து சீசா பலகை மாதிரி முன்னும் பின்னும் நகர்த்துங்கள். எந்த இடத்தில் இரண்டு பக்கமும் சாயாமல் நிற்கிறதோ அங்கே சாக்பீஸால் கோடு. கால்களின் மேல்நுனி அந்தக் கோட்டில், பாதமும் அந்தக் கோட்டுக்கு நேர் கீழே. நடுவில் கால் எப்படி வளைந்தாலும் பரவாயில்லை.

8 மி.மீ கம்பி 10 மி.மீ நட்டுக்குள் லேசான ஆட்டத்தோடு நுழையும், நட்டை மேலிருந்து பாதிக்குக் கொஞ்சம் கீழே நகர்த்திப் பாயிண்ட் வைத்தால் கணுக்கால் தயார். அந்த இடத்தில் காலைச் சற்றே பின்பக்கம் மடக்குங்கள், ஒரு கால் நேராக, ஒரு கால் மடங்கினதாக இருந்தால் நடக்கிற மாதிரி தெரியும். விரல்களுக்கு ஆணித் தலையை வெட்டிவிட்டு முன்னால் மூன்று, பின்னால் ஒன்று.

கீழ்த்தகடு ஓர் அடிக்கு ஓர் அடி 6 மி.மீ என்றால் நாலரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கம்பிக்கு எடை வேண்டுமென்றால் கட்டட வேலைக்காரர்களின் கணக்குதான்: விட்டத்தை அதாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்குக் கிலோ. 8 மி.மீ கம்பி மீட்டருக்கு 400 கிராம் பக்கம் வரும். மேலே உள்ள மொத்த எடையைவிடத் தகடு கனமாக இருந்தால் வீட்டில் குழந்தை இடித்தாலும் நிற்கும். அதைவிட லேசாக இருந்தால் தகட்டைப் பெரிதாக்குங்கள்.

எல்லாம் சரி என்று தோன்றினபிறகு முழு வெல்டு. வெல்டு ஆறும்போது தன் பக்கம் இழுக்கும், ஒரு பக்கமே வைத்துக்கொண்டு போனால் காலையில் கொக்கு கழுத்துச் சுளுக்கினது மாதிரி நிற்கும். முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம், இடது, வலது என்று மாற்றி மாற்றி வையுங்கள். மண்வெட்டியின் தேய்ந்த ஓரம் மெல்லியது, அங்கே 65 ஆம்புக்கு இறக்காவிட்டால் ஓட்டை விழும். முடித்தபிறகு அரை மணி நேரம் அந்த இடத்திலேயே இருங்கள், பக்கத்தில் ஒரு வாளி மணலோடு. சாக்குப் பையில் விழுந்த பொறி நாம் வீட்டுக்குள் போனபிறகுதான் கண் விழிக்கும்.

பூச்சு

வெளியே வைப்பதென்றால் கூர்மையான ஓரங்களை, முக்கியமாக அலகு நுனியை, மழுக்கிவிடுங்கள். நிறம் அடிக்க வேண்டாம் என்பது என் கட்சி, தங்கப் பெயிண்ட் அடித்த கொக்கைப் பார்த்தால் மண்வெட்டி எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. வீட்டுக்குள் வைக்க, சிலையைக் கை பொறுக்கிற சூட்டுக்கு வெயிலில் காயவைத்துத் தேன்மெழுகைத் துணியில் தேய்த்துப் பூசினால் துரு கருத்து அழகாக உட்காரும், வருஷம் ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். வாசலுக்கு என்றால் மேட் கிளியர் லாக்கர் (பளபளக்காத, நிறமில்லாத பூச்சு) இரண்டு கை. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று அதையும் தாண்டி அரிக்கும், அங்கே தகட்டின் அடிப்பக்கத்துக்கு மட்டுமாவது ரெட் ஆக்ஸைடு அடித்துவிடுங்கள்.

பூசுவதற்கு முன்னால் கடைசியாக ஒன்று. எமரி தாளைச் சின்னதாகக் கிழித்து, விரல் நுனியில் வைத்து, கத்தரிக்கோலின் திருகாணியை மட்டும் வெள்ளை வெளேரென்று ஆகிறவரை தேயுங்கள், சுற்றியிருக்கிற துருவில் படாமல். அதற்கப்புறம் லாக்கர்.